நாலாம் கொக்கியில் தொங்கிய பெயர்

மத்தியானம் ஒரு மணி இருக்கும். என் வீட்டுக் கார்தெரியில் ஆறு பிள்ளைகளும் வரிசையாக நித்திரை. குழந்தைப் பராமரிப்பு நிலையத்தை இந்த மொன்றியலில் எல்லோரும் கார்தெரி என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படியே எழுதிவிடுகிறேன். சமையலறை மேசையில் மடிக்கணினி. பக்கத்தில் ஆறிப்போன தேத்தண்ணி. திரையில் அரசாங்கத்தின் பிறப்புப் பதிவுப் படிவம்.

தம்பி சுதனின் பிள்ளைக்கான படிவம் அது. தகப்பன் பெயர், தாய் பெயர், பிறந்த நாள், நேரம் எல்லாம் நிரப்பியாகிவிட்டது. பிள்ளையின் பெயர் என்ற பெட்டி மட்டும் வெறுமையாகக் கிடந்தது.

அன்றைக்கு இருபத்தொன்பதாம் நாள். இங்கே பிள்ளை பிறந்து முப்பது நாளுக்குள் பெயரோடு பதிந்துவிட வேண்டும். எங்கள் யாழ்ப்பாணத்து முறைப்படி முப்பத்தோராம் நாள் துடக்கு, அதாவது பிறப்புத் தீட்டு, கழித்த பிறகுதான் பெயர். சட்டம் முடிகிற இடத்துக்கும் சம்பிரதாயம் தொடங்குகிற இடத்துக்கும் இடையில் ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளுக்குள்தான் நான் காலை விட்டேன்.

தொலைபேசி அடித்தது. சுதன்தான். நீண்டதூர லொறி ஓட்டுகிறவன். ஒன்ராறியோப் பக்கம் ஏதோ ஒரு தரிப்பிடத்தில் நின்றான்.

“அக்கா, போட்டாச்சோ?”

“எதையடா போடுறது? பேர் இன்னும் முடிவாகேல்லையே.”

“ஐயோ அக்கா, நாளையோட சரி. நித்யாவுக்குப் பிள்ளையோட நித்திரையே இல்லை. உங்களுக்கும் பிரெஞ்சு தெரியும்தானே. ஏதாவது ஒரு பேரைப் போட்டு விடுங்கோ. பேந்து மாத்தலாம்.”

“மாத்தலாமோ?”

“ஓம் ஓம், மாத்தலாம். வைக்கிறன், பின்னால ஹோர்ன் அடிக்கிறாங்கள்.”

பேந்து மாத்தலாம். பிறகு மாற்றலாம் என்கிற இந்த இரண்டு சொல்லையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பஞ்சாங்கங்கள்

ஒரு பிள்ளைக்கு இருபத்தொன்பது நாளாகியும் பெயர் முடிவாகாமல் இருக்குமா என்று கேட்பீர்கள். எங்கள் இரண்டு குடும்பத்தையும் தெரிந்தவர்கள் கேட்க மாட்டார்கள்.

சுதனின் மனைவி நித்யா. புவாண்ட்-கிளேரில் ஒரு அலுவலகத்தில் எஞ்சினியர். சென்னைக் குடும்பம், ஆனால் அவள் வளர்ந்தது மொன்றியலில். அவளுடைய அம்மா ஓய்வுபெற்ற டாக்டர். இல்-பிசாரில் தோட்டம் வைத்த தனிவீடு. நான் அவரை டாக்டர் அம்மா என்றுதான் கூப்பிடுவேன். ஆயிரம் பிள்ளைகளுக்கு ஊசி போட்ட கை. ஆனால் சொந்தப் பேத்தி என்றதும் முதலில் எடுத்தது ஜாதகத்தைத்தான்.

எங்கள் பக்கம் சிவலிங்கம் சித்தப்பா. பார்க் எக்ஸ்டென்ஷனில் என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். வருடா வருடம் யாழ்ப்பாணத்திலிருந்து வாக்கிய பஞ்சாங்கம் தபாலில் எடுப்பிப்பார். டாக்டர் அம்மாவுடையது திருக்கணிதம், அதுவும் கணினியில்.

பிள்ளை பிறந்த நேரம் பார்த்து இரண்டு நட்சத்திரத்தின் எல்லையில் வந்து நின்றது. சித்தப்பாவின் பஞ்சாங்கத்தில் பரணி நாலாம் பாதம், பெயரின் முதலெழுத்து ‘லோ’. டாக்டர் அம்மாவின் கணினியில் கார்த்திகை முதலாம் பாதம், எழுத்து ‘அ’. தொலைபேசியில் இரண்டு பேரையும் ஒன்றாகப் பேச விட்டது சுதன் செய்த பிழை.

“பரணி நாலாம் பாதம். லோ. அவ்வளவுதான் கதை,” என்றார் சித்தப்பா.

“இல்ல சம்பந்தி. கிருத்திகை. அ எழுத்து. கம்ப்யூட்டர்ல ரெண்டு தடவை போட்டுப் பார்த்துட்டேன்.”

“கொம்பியூட்டருக்கு எங்கட வாக்கியம் தெரியுமோ?”

“சந்திரனுக்கு உங்க வாக்கியம் தெரியுமா சம்பந்தி?”

அடேயப்பா! அதற்குப் பிறகு ஒரு கிழமை இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. டாக்டர் அம்மா பதினோராம் நாளே பெயர் வைத்துவிடலாம் என்றார். துடக்கு கழியாமல் பெயரா என்று சித்தப்பா குதித்தார். பட்டியல்கள் மட்டும் குறுஞ்செய்தியில் பறந்தன. அந்தப் பக்கம் அனன்யா, அக்ஷரா, அவந்திகா. இந்தப் பக்கம் லோஷிகா, லோஜிகா, லோருஜா. கடைசிப் பெயரைச் சித்தப்பா தானே உண்டாக்கினார். ஒருத்தரும் வைக்காத பெயராக இருக்க வேண்டும் என்பது எங்கள் ஆட்களின் விசர்களில் ஒன்று.

நான் எந்தக் கட்சி என்று கேட்டால், லோ கட்சிதான். பஞ்சாங்கத்தைப் பார்த்து அல்ல, எங்கள் பக்கம் என்பதால்.

இவ்வளவு சண்டையிலும் இரண்டு பஞ்சாங்கமும் ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போயின. பிறந்த கிழமை வெள்ளி. இங்கே வெள்ளி பின்னேரம், யாழ்ப்பாணத்தில் அப்போது சனி விடியாத நேரம். சூரியன் உதிக்காதபடியால் அதுவும் வெள்ளிதான் என்று சித்தப்பாவே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

இன்னொன்றிலும் ஒத்துப்போனார்கள். பிள்ளையின் காதில் மூன்று தரம் பெயர் சொல்ல வேண்டியது தகப்பனின் தமக்கை. இந்தப் பக்கம் மாமி, அந்தப் பக்கம் அத்தை. எப்படிச் சொன்னாலும் நான்தான். எனக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த மூன்று தரத்துக்காக நான் எத்தனை வருடம் காத்திருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

ஆறு கொக்கிகள்

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிப்பவர்களுக்கு என் கொக்கிகளைத் தெரியும். புதிதாக வருபவர்களுக்குச் சொல்கிறேன். கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஆறு கொக்கிகள். ஒவ்வொன்றுக்கும் மேலே பிள்ளையின் பெயர். கீழே பனிக்கோட்டு, தொப்பி, சப்பாத்து. ஊரில் எந்தப் பெயர் ஏறுகிறது, எது இறங்குகிறது என்று அறிய எனக்கு வேறு ஒன்றும் தேவையில்லை.

நான் தொடங்கிய காலத்தில் டிலக்சன், நிருஜன், சாருஜன் என்று எங்கள் பெயர்கள். நடுவில் யானி என்று ஒரு கிரேக்கப் பிள்ளை. பிறகு ஒலிவியாக்களும் லியாம்களும் வந்தார்கள். ஒரு காலத்தில் மூன்று ஜேட். அதற்குப் பிறகு எங்கிருந்தோ வட ஐரோப்பாவின் பழைய சாமிகள் வரத் தொடங்கின. ஒரு குளிர்காலம் தோர் என்று ஒருவன் வந்தான். இடியின் கடவுளாம். தூசி உறிஞ்சும் மெஷினைப் போட்டால் என் சீலைக்குள் வந்து ஒளிந்துகொள்வான்.

படிவத்தோடு இருந்த அந்த இருபத்தொன்பதாம் நாள் வெள்ளிக்கிழமை, நாலாம் கொக்கியில் மஞ்சள் பனிக்கோட்டு தொங்கியது. மேலே ஃபிரேயா என்ற பெயர். மூன்று வயது. என் கார்தெரியில் அதைப்போல ஒரு தொண்டை அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

நான் யோசித்தேன். லோஷிகா என்று போட்டால், படிவம் என் கையில் இருந்தபடியால் யாழ்ப்பாணப் பக்கம் களவாக வென்றுவிட்டது என்று டாக்டர் அம்மா சொல்வார். சொன்னால் நியாயம்தான். அனன்யா என்று போட்டால் சித்தப்பா செத்தாலும் என் வாசல் மிதிக்க மாட்டார். ஆகவே இரண்டு பக்கமும் கனவிலும் வைத்துக்கொள்ளாத ஒரு பெயர் வேண்டும். அப்போதுதான் எல்லோரும் ஒரே குரலில் மாற்றச் சொல்வார்கள், ஒருவருக்கும் மனக்கசப்பு இராது.

என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். நாலாம் கொக்கியை நிமிர்ந்து பார்த்து, ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி, அனுப்பிவிட்டேன். அதே நேரம் பாயில் கிடந்த ஃபிரேயா எழும்பித் தண்ணி கேட்டுக் கத்தினாள்.

கண்ணன் என்பது யார்?

எங்கள் ஊரில் ஒரு ஆளுக்கு இரண்டு பெயர் என்பது சாதாரணம். பதிவில் ஒன்று, வாயில் ஒன்று. நான் பதிவில் பரமேஸ்வரி, வீட்டில் பேபி. இந்த வயதிலும் பேபி. சுதன் என்று நான் இங்கே எழுதுகிறவன் பதிவில் சுதாகரன், வீட்டில் கண்ணன். பதிவுப் பெயர் பெட்டிக்குள் கிடக்கும். கூப்பிடுகிற பெயர்தான் பெயர்.

நான் இந்த நாட்டுக்குள் வந்ததே என் பெயரில் அல்ல. யாரோ ஒரு மேரியின் கடவுச்சீட்டில் வந்தேன். இறங்கியதும் உண்மையைச் சொல்லி அகதித் தஞ்சம் கேட்டேன். விசாரித்த அதிகாரி என் பெயரைக் கேட்டபோது ஒரு கணம் எந்தப் பெயரைச் சொல்வது என்று தடுமாறினேன்.

அதைவிடக் கொடுமை பிறகு நடந்தது. சுதனை இந்த நாட்டுக்குக் கூப்பிடப் படிவம் நிரப்பும்போது, தம்பியின் பெயர் என்ற இடத்தில் பழக்கதோஷத்தில் கண்ணன் என்று எழுதிவிட்டேன். அவன் கொடுத்த பத்திரத்தில் சுதாகரன். கண்ணன் என்பது யார் என்று கேட்டுக் கடிதம் வந்தது. அதை நேராக்கி முடிப்பதற்குள் இரண்டு குளிர்காலம் போய்விட்டது. அம்மாவும் அப்பாவும் இல்லாத பிள்ளை, கொழும்பில் ஒரு அறையில் தனியே இருந்தான். அந்தக் குற்ற உணர்வு எனக்கு இன்னும் போகவில்லை.

அப்படிச் சூடுபட்ட நான்தான் மறுபடியும் ஒரு படிவத்தில் கை வைத்தேன். என்னை என்ன சொல்ல!

யார் போடச் சொன்னது?

ஞாயிறு நடக்க வேண்டிய முப்பத்தொன்றுச் சடங்கு பனிப்புயலால் அடுத்த ஞாயிறுக்குத் தள்ளிப் போனது. தெரு திறந்த பின் திங்கள் பின்னேரம், பிள்ளையும் நித்யாவும் இருந்த டாக்டர் அம்மா வீட்டுக்கு, இல்-பிசார் போனேன். மெட்ரோ, பிறகு பஸ், பிறகு இன்னொரு பஸ். எல்லோரும் இருந்தார்கள். லொறியால் இறங்கிய களைப்போடு சுதன் ஒரு மூலையில் இருந்தான். சித்தப்பாவும் வந்திருந்தார்.

நான் பெரிய வீரம் செய்தவள் போல அறிவித்தேன். “பதிஞ்சாச்சு. இப்போதைக்கு ஃபிரேயா எண்டு போட்டிருக்கிறன். நீங்கள் ஆறுதலாக முடிவெடுத்து மாத்துங்கோ.”

டாக்டர் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். “மாத்தறதா? பரமேஸ்வரி, நீங்க என்ன விளையாடறீங்களா? இந்த ஊர்ல பதிஞ்ச பேரை மாத்தணும்னா சரியான காரணம் காட்டி மனு போடணும். சும்மா வேணாம்னா மாத்த மாட்டாங்க. யாரைக் கேட்டுப் போட்டீங்க?”

“ஃபிரேயாவோ? அதென்ன கண்டறியாத பேர்?” சித்தப்பா எழும்பியே விட்டார். “ஆர் பிள்ளை உனக்குப் போடச் சொன்னது?”

நான் சுதனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான். போடச் சொன்னவன் அவன். ஏதாவது போடுங்கோ, பேந்து மாத்தலாம் என்றவன் அவன். ஒரு சொல் சொன்னால் போதும். மாமியார் முன்னால் அவனுக்கு வாய் வரவில்லை.

“ஒருத்தரும் சொல்லேல்லை. நான்தான் போட்டன்,” என்றேன்.

அன்றையிலிருந்து அந்த வீட்டில் யார் வந்து பிள்ளையின் பெயரைக் கேட்டாலும் டாக்டர் அம்மா ஒரே பதில்தான் சொன்னார். “ஃபிரேயா. அவங்க மாமி வச்ச பேரு.” அத்தை என்று கூடச் சொல்லாமல், எங்கள் சொல்லையே எடுத்து, மாமி வச்ச பேரு என்பதை ஒரு வியாதியின் பெயரைச் சொல்வது போலச் சொல்வார். பதிவுப் பெயர் கெட்டது கெட்டதுதான், கூப்பிடுகிற பெயரையாவது ஒழுங்காக வைப்போம் என்றார்கள். காதில் லோஷிகா சொல்லு என்றது ஒரு பக்கம். அனன்யா சொல்லுங்கள் என்றது மறுபக்கம். சுதன் எனக்குத் தொலைபேசி எடுக்கவே இல்லை. நான் எடுத்தாலும் தூக்கவில்லை.

எனக்கு வந்த கோபம்! என் கையால் சோறூட்டி வளர்த்த தம்பி. பெயர் எப்படிப் போனால் என்ன, அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்பதுதான் நெஞ்சைக் கடைந்தது.

நோர்வேயிலிருந்து ஒரு பாடம்

சும்மா விடுவேனா நான்? போட்டது போட்டாயிற்று, போட்ட பெயர் என்ன பெயர் என்றாவது அறிவோம் என்று புறப்பட்டேன்.

முதலில் நாலாம் கொக்கியின் தாய் மெலானியைப் பிடித்தேன். ஒருவருக்கும் இல்லாத பெயர் தேடித்தான் வைத்தாளாம். நான் சிரித்துவிட்டேன். இவளும் எங்கள் சித்தப்பா மாதிரித்தான். இப்போது ஜான்-டலோன் சந்தைப் பக்கத்துப் பூங்காவில் நின்று அந்தப் பெயரைக் கூப்பிட்டால் இரண்டு பிள்ளையும் ஒரு நாயும் திரும்பிப் பார்க்கின்றன என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

பிறகு என் மச்சாள் தேவிக்குத் தொலைபேசி எடுத்தேன். எங்கள் ஆட்கள் இல்லாத நாடு எது? தேவி நோர்வேயில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்து, அந்தப் பாஷை படித்து, இப்போது பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியை.

“ஃபிரேயாவோ? எடி பேபி, அது இஞ்சத்தைப் பழைய சாமி ஒண்டின்ர, ஒரு அம்மாளின்ர பேரல்லோ! இஞ்சை கூடுதலா ஃப்ரோயா எண்டு வைப்பினம். அந்தப் பேரில ஒரு தீவே இருக்கு. நான் அங்கை மூண்டு வருசம் சால்மன் வெட்டினனான்.”

“பேருக்கு என்ன கருத்து?”

“பெருமாட்டி. தலைவி. எங்கட நாச்சியார் மாதிரி எண்டு வையன்.”

ஒரு மணித்தியாலம் கதைத்தாள். நான் பழைய உறையின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டேன். இரண்டு பூனைகள் இழுக்கிற தேர். பருந்தின் இறகால் ஒரு போர்வை. அதைப் போர்த்தால் பறக்கலாம். கழுத்தில் ஒரு பதக்கமாலை; அது எப்படிக் கிடைத்தது என்று கேட்டால் தேவி சிரிக்கிறாள், சொல்ல மாட்டாளாம். காணாமல்போன புருஷனைத் தேடி நாடு நாடாகப் போனாளாம். போன நாட்டிலெல்லாம் ஒவ்வொரு பெயராம். அழுதால் கண்ணீர் பொன்னாகக் கொட்டுமாம்.

நாடு நாடாக, ஒவ்வொரு பெயரில். மேரியின் கடவுச்சீட்டை நினைத்துக்கொண்டேன்.

“பேர் இப்ப ஏன் இப்பிடிப் பரவுது?” என்று கேட்டேன்.

“ஸ்கொட்லாந்துக்கு வடக்கால இருக்கிற தீவுகளில நெடுங்காலமா இருந்த பேராம். அங்கையிருந்து கீழ இறங்கி இங்கிலாந்து முழுக்கப் பரவீட்டுது. லண்டனில எங்கட சாந்தி அக்காவின்ர மகளின்ர வகுப்பிலயும் ஒண்டு இருக்கு. சின்னப் பேர், வடிவான பேர், எந்தப் பாஷைக்காரன்ர வாயிலயும் நிக்கும். உன்ர பரமேஸ்வரி நிக்குமோ?”

கடைசியாக, வைக்கப் போகிற நேரத்தில் கேட்டாள். “பிள்ளை என்ன கிழமை?”

“வெள்ளி.”

“எடியே! வெள்ளிக்கிழமை அவவின்ர நாளல்லோ! ஃபிரைடே எண்டுறதே அவவின்ர பேரால வந்தது எண்டு சொல்லுகினம். சில பேர் அது ஃபிரிக் எண்ட வேற அம்மாளின்ர நாள் எண்டுவினம். சில பேர் ரெண்டும் ஒருத்திதான் எண்டுவினம்.”

நான் கதிரையிலிருந்து எழும்பிவிட்டேன். அந்தக் கடைசி இரண்டு வசனங்களை நான் உறையில் குறிக்கவில்லை. இன்றைக்குத்தான் முதன்முதலாக வெளியில் சொல்கிறேன்.

முப்பத்தொன்று, ஒரு கிழமை பிந்தி

அடுத்த ஞாயிறு. டாக்டர் அம்மா வீட்டு வாசலில் பனி கரைந்து சப்பாத்துகளெல்லாம் ஈரம். உள்ளே சாம்பிராணி. ஐயர் வந்து புண்ணியாகவாசனம் முடித்துவிட்டார். மாமி முறைக்கு நான் செய்வித்த பஞ்சாயுதத்தை, விஷ்ணுவின் ஐந்து ஆயுதமும் பதித்த சின்னப் பதக்கத்தை, பிள்ளையின் கழுத்தில் போட்டேன். பிள்ளையைத் தூக்கி என் மடியில் வைத்தார்கள்.

சித்தப்பா வலப்பக்கம் வந்து ஒரு கடதாசித் துண்டைக் கையில் வைத்தார். லோஷிகா. டாக்டர் அம்மா இடப்பக்கம் வந்து ஒரு துண்டு வைத்தார். அனன்யா. சனம் முழுக்க என் வாயைப் பார்த்தது.

“ஒரு கேள்வி,” என்றேன். “ரெண்டு பஞ்சாங்கத்துக்கும் நட்சத்திரத்தில சண்டை. எழுத்தில சண்டை. கிழமையில சண்டை இருக்கோ?”

“இல்லை. வெள்ளி,” என்றார் சித்தப்பா.

“வெள்ளிதான். அதுல சந்தேகமே இல்ல. மகாலட்சுமி,” என்றார் டாக்டர் அம்மா.

“அப்ப கேளுங்கோ. வெள்ளைக்காரர் பக்கம் வெள்ளிக்கிழமைக்குச் சொந்தக்கார அம்மாள் ஆர் தெரியுமோ? ஃபிரேயா. ஃபிரைடேயே அவவின்ர பேரால வந்தது. பெருமாட்டி எண்டு கருத்து. எனக்கு ஒண்டும் தெரியாமல்தான் போட்டனான். ஆனால் உங்கட ரெண்டு பஞ்சாங்கமும் சேர்ந்து கையெழுத்து வைச்ச ஒரே பேர் இதுதான்.”

ஐயர் தலையை ஆட்டினார். யாரோ பின்னால் ‘அட’ என்றார்கள். நான் உறையை எடுத்துப் பூனைத் தேர், பருந்துப் போர்வை, பொன் கண்ணீர் எல்லாம் வாசித்தேன். 

சித்தப்பாவுக்கு ஒரு சந்தேகம். “அவ மச்சம் மாமிசம் சாப்பிடுவாவோ?”

“நோர்வேயில மச்சம் சாப்பிடாமல் வேற என்னத்தைச் சாப்பிடுறது, சித்தப்பா?”

எல்லோரும் சிரித்தார்கள். உறையில் இன்னும் ஒரு வரி இருந்தது. வாசிப்பதா விடுவதா என்று யோசித்து, வாசித்தேன். “சண்டையில விழுந்த ஆக்களில பாதிப்பேரை அவதான் தன்ர மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போவாவாம்.”

சித்தப்பாவின் மூத்த மகன் சண்டைக் காலத்தில் போனவன். திரும்பி வரவில்லை.

“பாதிப்பேரையோ?” என்று கேட்டார்.

“ஓம் சித்தப்பா. பாதிப்பேரை.”

“இருத்திச் சாப்பாடு குடுப்பாவோ?”

“ஓம். குடுப்பாவாம்.”

அவர் என் கையிலிருந்த லோஷிகாத் துண்டைத் திரும்ப எடுத்து, மடித்து, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

டாக்டர் அம்மா அவ்வளவு லேசில் விடுகிற ஆள் இல்லை. “கதையெல்லாம் சரி பரமேஸ்வரி. ஆனா பெத்தவங்களைக் கேக்காம, பெரியவங்களைக் கேக்காம, நீங்களா போட்ட பேரு இது. அதுதான் எனக்கு மனசு ஆறல.”

அப்போதுதான் கதவோரம் நின்ற சுதன் மாமியாருக்கு முன்னால் வந்தான்.

“அக்காவா போடேல்லை, மாமி. ஏதாவது போடச் சொன்னது நான். மாத்தலாம் எண்டு சொன்னதும் நான். அண்டைக்கு உங்களுக்கு முன்னால சொல்லப் பயமாக் கிடந்தது. அக்கா எனக்காகப் பழியை வாங்கிக்கொண்டு இருக்கிறா.” பிறகு என்னைப் பார்த்தான். “மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா.”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பொன்னாகக் கொட்டவில்லை, மூக்கும் சேர்ந்து ஒழுகியது. ஆறு நாள் கோபம் ஒரு நொடியில் போன இடம் தெரியவில்லை. போ விசரா, என்று மட்டும் சொல்ல வந்தது.

சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நித்யாவைத் தேடினேன். சோபாவின் ஓரத்தில் களைத்துப்போய் இருந்தாள். சட்டென்று ஒன்று உறைத்தது. இத்தனை நாளில் லோ என்றோம், அ என்றோம். பெற்றவளை ஒருத்தரும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

“நித்யா, உனக்கு என்ன பேர் வேணும்?”

அவள் அம்மாவைப் பார்த்தாள், சித்தப்பாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். “முதல்ல கேட்டப்போ எனக்கும் அழுகைதான் வந்துச்சுக்கா. அப்புறம் யோசிச்சேன். ‘லோ’ன்னா நீங்க ஜெயிச்சீங்க, ‘அ’ன்னா அம்மா ஜெயிச்சாங்க. ஆயுசுக்கும் அவளைக் கூப்பிடறப்பல்லாம் அந்தச் சண்டைதான் ஞாபகம் வரும். யாருமே ஜெயிக்காத பேரு இது ஒண்ணுதான். நாலஞ்சு நாளா நான் அந்தப் பேரைச் சொல்லித்தான் பால் குடுக்கறேன். அதையே கூப்பிடுங்க.”

டாக்டர் அம்மா மகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து, என் கையிலிருந்த அனன்யாத் துண்டைத் தானே எடுத்தார். “கூப்பிடுங்க பரமேஸ்வரி. நல்ல நேரம் போயிடப் போகுது.”

“ஜாதகத்தில நான் பரணி எண்டுதான் எழுதுவன்,” என்றார் சித்தப்பா.

“நீங்க என்னமோ எழுதிக்குங்க சம்பந்தி.”

நான் வெற்றிலையால் பிள்ளையின் காதை மறைத்துக் குனிந்தேன். ஃபிரேயா. ஃபிரேயா. ஃபிரேயா. மூன்றாம் தரம் மெதுவாகச் சொல்ல மறந்து, கார்தெரியில் கூப்பிடுகிற தொண்டையில் சொல்லிவிட்டேன். பிள்ளை திடுக்கிட்டு வீரிட்டு அழுத சத்தம் இல்-பிசார் முழுக்கக் கேட்டிருக்கும். நாலாம் கொக்கிக்காரியே தோற்றாள். அந்தச் சத்தத்துக்கு மேலால் எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள். என் வாழ்க்கையில் எனக்கு விழுந்த முதல் கைதட்டல் அது.

அதே கொக்கி

பழைய ஃபிரேயா பள்ளிக்கூடம் போய்விட்டாள். கொக்கிக்கு மேலிருந்த பெயரை நான் கழற்றவில்லை. கழற்ற வேண்டிய தேவையும் வரவில்லை.

போன இலையுதிர் காலத்தில் என் மருமகள், சுதனின் மகள், இரண்டரை வயதில் கார்தெரிக்கு வந்தாள். நித்யா வேலைக்குத் திரும்பி, காலையில் பார்க் எக்ஸ்டென்ஷன் வழியாகச் சுற்றிக் கொண்டுவந்து விடுகிறாள். வளைந்து போகிற தூரம்தான். ஆனால் மாமியிடம்தான் விட வேண்டும் என்று டாக்டர் அம்மாவின் கட்டளையாம். கேட்டீர்களா கதையை!

முதல் நாள் காலை. புதுப் பிள்ளையைப் பார்த்து மற்ற ஐந்து பேரும் சூழ்ந்து நின்றார்கள். ஜேட் என்ற பெரியவள் பிரெஞ்சில் பெயர் கேட்டாள்.

என் மருமகள் சப்பாத்தைக் கழற்றி, கோட்டை எடுத்து, என்னிடம் தன்னைத் தூக்கச் சொல்லி, எட்டாத நாலாம் கொக்கியில் மாட்டினாள். பிறகு திரும்பி, கைக்குழந்தையாக இருந்த நாளிலிருந்து தன் பெயரை யார் கேட்டாலும் அம்மம்மா சொல்லக் கேட்ட பதிலை, தன் முழுப்பெயரே அதுதான் என்ற நினைப்பில், நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாள்.

“ஃபிரேயா மாமி வச்ச பேரு.”

நான் இன்னும் அவளைத் திருத்தவில்லை.